பரம்பரைத் தடை நீக்க 18,000 ரூபாய் கட்டலாமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் இன்சார்ஜாக இருக்கிறேன். வயது 41. எனக்குக் கீழே உள்ள இரண்டு லைன் சூப்பர்வைசர்களும் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதுவென்றாலும் என்னிடம் வந்து, “அக்கா, அவங்ககிட்ட சொல்லிடுங்க” என்கிறார்கள். பீஸ் தாமதமானால் திட்டு எனக்கு. மேனேஜர் குரலை உயர்த்தினால் வாயடைத்துப் போகிறேன். கம்பெனியில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில், இது பரம்பரைத் தடை, ரத்தத்திலேயே வருகிறது என்றார் பயிற்சியாளர். தனியாக வந்து நீக்கிக்கொள்ள 18,000 ரூபாய் கேட்கிறார். என் அப்பாவும் பாட்டியும் ஒரே வீட்டில் வருடக்கணக்கில் பேசாமல் இருந்தவர்கள், நான்தான் நடுவில். இப்போது நானும் கணவரும் பத்து நாளாகப் பேசுவதில்லை, மகள் மூலமாகத்தான் எல்லாம். அது வேறு விஷயம். பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

குடும்பத்தில் பழகியது வேலையிடத்துக்கு வரும் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் அந்தப் பயிற்சியாளர் கடை நடத்துகிறார். 1950-களில் மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், நோயாளியோடு குடும்பத்தாரையும் மருத்துவமனை வார்டிலேயே தங்கவைத்துக் கவனித்தார். இரண்டு பேருக்குள் இறுக்கம் கூடினால், மூன்றாவது ஆளை நடுவில் இழுத்துக்கொள்கிறார்கள் என்று பின்னாளில் எழுதினார். இழுத்தவர்களுக்குக் கொஞ்சம் இளைப்பாறல். மூன்றாவது ஆளுக்குப் பாரம். வேலையிடத்திலும் இதே கதைதான்.

உங்கள் வீட்டில் அந்த மூன்றாவது ஆள் நீங்கள். “உங்கப்பங்கிட்ட சொல்லு கண்ணு, சோறு ஆறுது” என்று பாட்டி சொல்லியிருப்பார். அப்பா நான்கடி தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பார், காதில் விழுந்திருக்கும். இருந்தாலும் நீங்கள் போய்ச் சொன்ன பிறகுதான் எழுந்து வருவார். அப்படித் தூது போகிற பிள்ளை ஒன்றைச் சீக்கிரம் கற்றுக்கொள்ளும்: சொல்லில் இருக்கும் முள்ளை எடுத்துவிட்டுச் சொல்வது. அது பெரிய திறமை. உங்களை இன்சார்ஜ் ஆக்கியதில் அதற்கும் பங்கு இருக்கும்.

ஆனால் லைனில் அதுவே காலை வாரிவிடுகிறது. “அவங்க லைன்ல இருந்து சைஸ் கலந்து பண்டல் வருது” என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். நீங்கள் மற்றவரிடம் போய், “கொஞ்சம் பார்த்து அனுப்பும்மா” என்கிறீர்கள். முள் போய்விட்டது, சைஸ் கலந்த செய்தியும் அதோடு போய்விட்டது. சாயங்காலம் செக்கிங்கில் பீஸ் ஆல்ட்ரேஷனுக்குத் திரும்புகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டியும் கணக்கு வரவில்லை என்று உங்களைக் கேட்கிறார்கள்.

அடுத்த முறை ஒருவர் வந்தால் ஒரே கேள்வி போதும்: “அவங்ககிட்ட நேர்ல சொல்லியாச்சா?” இல்லை என்றால் அவரை அழைத்துக்கொண்டு அந்த மேசைக்கே போங்கள். பண்டலைக் கையில் எடுத்துக் காட்டிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், வாயைத் திறக்காதீர்கள். உங்களுக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும். முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை இன்னும் மோசமாகும், “அக்கா மாறிட்டாங்க” என்பார்கள். தாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கு எதற்கு 18,000 ரூபாய்? உங்களை ஹாலின் நடுவில் நிறுத்தி, முன்பின் தெரியாத ஒருவரை உங்கள் பாட்டியாக நிற்கவைத்து, காலில் விழச் சொன்னார்களா? அது பெர்ட் ஹெலிங்கர் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறையிலிருந்து எடுத்தது. அழுகை வரும், மனம் லேசான மாதிரி இருக்கும். திங்கட்கிழமை லைனில் ஒன்றும் மாறியிருக்காது. பலன் உண்டு என்பதற்கான ஆதாரம் மிகப் பலவீனம். மரபணு, எபிஜெனெடிக்ஸ் (மரபணுக்கள் எப்போது எப்படி வேலை செய்கின்றன என்று ஆராயும் துறை) என்று இப்போது சேர்த்துக்கொள்கிறார்கள். அது உண்மையான துறைதான். இரண்டு சூப்பர்வைசர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்று சொல்லும் மரபணுவை யாரும் கண்டுபிடிக்கவில்லை. இந்தப் பயிற்சிகளுக்கு ஆள் பிடித்துத் தரும் ஏஜெண்டுகள் தலைக்கு இவ்வளவு என்று வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன். கம்பெனிகளுக்கும் இது வசதி. முடியாத டார்கெட்டைக் கொடுத்துவிட்டு, குறை உன் பாட்டியிடம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமே.

கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டுகிறார்கள். இவர்களையும் வரைமுறைக்குள் கொண்டுவர 2021-ல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. தெருவில் போர்டுகள் குறைந்தபாடில்லை. அவை குறையும்வரை ஜனங்கள் யாரிடம் போவது? உதவி வேண்டுமென்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பாருங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் என்ன என்று கேளுங்கள். பதிவு பெற்றவர் கோபப்படாமல் சொல்வார். காசில்லாமல் பேச அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். குரலை உயர்த்தினார் என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள், என்ன சொன்னார் என்று எழுதவில்லை. வேலையைப் பற்றிய கத்தல் என்றால், அந்த நேரத்தில் வாய் வராவிட்டால் பரவாயில்லை. மறுநாள் காலையில் போய், “நேத்து கேட்டதுக்கு இன்னைக்குப் பதில் சொல்றேன் சார்” என்று ஆரம்பியுங்கள். ஆனால் உடம்பைப் பற்றிய பேச்சோ, ஆபாசமான வார்த்தையோ, தொடுதலோ இருந்தால், நான் மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. குடும்பப் பழக்கத்தை அங்கே தேடவே கூடாது. அது 2013 சட்டத்தின் கீழ் வரும் பாலியல் துன்புறுத்தல். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும், தலைவராகப் பெண்தான் இருக்க வேண்டும். நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் குழு ஏற்கலாம். பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் குழு இல்லை என்றாலும், புகார் முதலாளி மீதே என்றாலும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது, கலெக்டர் அலுவலகத்தில் விசாரியுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பயிற்சியாளர் யாராவது ‘மன்னித்துவிடுங்கள், தடை விலகும்’ என்றால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கடைசியாக, வேறு விஷயம் என்று எழுதினீர்களே, அது வேறு விஷயம் இல்லை. லைனுக்கு முன்னால் வீட்டில் தொடங்குங்கள். கோபம் தீர வேண்டும் என்பதில்லை, சமாதானமும் பேச வேண்டாம். இன்றைக்கு ராத்திரி மகள் படித்துக்கொண்டிருக்கட்டும். சாப்பாடு எடுத்து வைத்துவிட்டதைக் கணவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.