முழங்கை வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளலாமா?

அம்மா கத்தரிக்கோலால் தேயிலைக் கொழுந்து வெட்டுகிறார், நான்கு மாதமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது, ஊசி போட்டால் ஒரே வாரத்தில் சரியாகிவிடும் என்கிறார்களே, போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம் என்றே சொல்வேன்.

நான் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்தில் பதினோரு வருடம் கவ்வாத்து வெட்டியவன், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் வெட்டிவிடும் வேலை. எனக்கும் இதே வலிதான். முதலில் கத்தியை வீசும்போது மட்டும் வலித்தது. பிறகு கேத்தலைத் தூக்கவும் முடியவில்லை. டவுனில் ஸ்டீரொய்ட் ஊசி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் வலி போய்விட்டது, உடனே மலைக்கு ஏறிவிட்டேன். மூன்றாம் மாதம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் நேர்ந்ததில்லை இது. ஆய்வுகளிலும் முதல் ஆறு வாரம் ஊசி போட்டவர்களுக்கே சுகம் அதிகம். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் அவர்கள்தான் பின்தங்கியிருக்கிறார்கள்.

மணிக்கட்டை மேலே தூக்கும் தசைகள், முழங்கையின் வெளி எலும்பில் தசைநாணாக வந்து ஒட்டுகின்றன. எதை இறுக்கிப் பிடித்தாலும் அந்த இடம் இழுபடும். ஆறுவதற்கு நேரமில்லாமல் தினமும் இழுபட்டால் நார்கள் நைந்துபோகும். முழு ஓய்வு கொடுத்தால் வலி குறையும், ஆனால் நாருக்குப் பலம் வராது. அதற்கு அளவான பாரம் வேண்டும் என்று ஓர் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்)தான் எனக்குப் புரியவைத்தார்.

அவர் சொல்லித் தந்த பயிற்சி இது. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்க, உள்ளங்கை நிலத்தைப் பார்த்தபடி, தண்ணீர் நிரப்பிய அரை லீற்றர் போத்தலைப் பிடிக்க வேண்டும். மற்றக் கையால் மணிக்கட்டை மேலே உயர்த்திவிட்டு, வலிக்கும் கையால் மட்டும் ஐந்து எண்ணும்வரை மெல்ல இறக்க வேண்டும். 15 தடவை செய்து ஒரு நிமிடம் ஆறி, இப்படி மூன்று சுற்று. செய்யும்போது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். மறுநாள் காலையிலும் வலி கூடியே நின்றால் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் செய்யட்டும். எனக்கு ஆறு வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. பன்னிரண்டாம் வாரம் கேத்தலைத் தூக்கினேன்.

கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்ற நிலையில் அம்மாவிடம் ஓய்வெடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர் வாளி, விறகு, துணி பிழிவது மூன்றையும் நாளையிலிருந்து நீங்கள் செய்யுங்கள். மலையில் பாதி, வீட்டில் பாதி என்றுதான் அந்தக் கை கெடுகிறது. பாரம் தூக்கியே ஆகவேண்டுமென்றால் உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்கட்டும். முழங்கைக்கு இரண்டு விரல் கீழே கட்டும் பட்டி வேலை நேரத்தில் உதவும்.

விரல்கள் மரத்துப்போனால், கழுத்திலிருந்து வலி இறங்கினால், மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் பயிற்சியைத் தொடங்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். அரச வைத்தியசாலையில் இயன்மருத்துவத்துக்குப் பணம் வாங்குவதில்லை. பஸ் காசும் அரை நாளும்தான் செலவு.