குவிக்சில்வர் எம்எக்ஸ்: ஸ்டிக்கைத் தள்ளினால் ஏன் உடனே சாயவில்லை? பழையதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

குவிக்சில்வர் எம்எக்ஸ் ஓர் எடை குறைந்த, ஒற்றை இருக்கை அல்ட்ராலைட் விமானம். அதில் அய்லரானே (விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை) கிடையாது. ஸ்டிக்கை இடம் வலமாகத் தள்ளினால் திரும்புவது வாலிலுள்ள செங்குத்துப் பலகையான ரட்டர். முதலில் மூக்கு திரும்பும். இறக்கைகள் நுனி உயர்ந்து V வடிவில் (டைஹெட்ரல்) இருப்பதால் அதன் பிறகே விமானம் சாயும். பெடல்கள் தூக்குவது இறக்கை மேலுள்ள ஸ்பாய்லர்களை, அதாவது அந்த இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் பலகைகளை. பெடலால் ரட்டரைத் திருப்பும் செஸ்னா போன்ற வழக்கமான விமானத்தில் பழகியவர் பக்கக் காற்றில் இறங்கும்போது பழக்கதோஷத்தில் பெடலை மிதித்தால் மூக்கு நேராகாது, அந்தப் பக்க இறக்கைதான் தாழும்.

இந்த விசித்திரத்துக்குக் காரணம் அதன் பூர்வீகம். 1970களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பாப் லவ்ஜாய் வடிவமைத்த ஹேங் கிளைடர்தான் குவிக்சில்வர். தொங்கும் பைலட் உடலை ஒருபக்கம் நகர்த்தினால் கயிறு ரட்டரை இழுக்கும். ஐப்பர் நிறுவனம் பின்னாளில் இன்ஜின், சக்கரம், ஸ்டிக் எல்லாம் சேர்த்தது. திரும்பும் முறை மட்டும் அப்படியே தங்கிவிட்டது. 1982இல் வந்த அமெரிக்காவின் 'பார்ட் 103' விதி இந்த வகைக்கே அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும்: ஒரே இருக்கை, வெற்று எடை 115 கிலோவுக்குள், எரிபொருள் சுமார் 19 லிட்டர், உச்ச வேகம் மணிக்கு 102 கி.மீ. பைலட் உரிமம் தேவையில்லை.

வாங்கும்போது முதலில் இறக்கையைக் கீழிருந்து இழுத்துப் பிடிக்கும் கேபிள்களைப் பாருங்கள். பறக்கும்போது சுமை முழுவதும் அவற்றில்தான். ஒன்று அறுந்தால் இறக்கை மடங்கிவிடும். கேபிள் முனையிலுள்ள திம்பிளைச் (உலோக வளையம்) சுற்றிக் கேபிள் வளையும் இடத்தில் துணியால் துடையுங்கள். ஒரே ஒரு இழை துணியில் சிக்கினாலும் கேபிளை மாற்றுங்கள். அடுத்தது இறக்கையைப் போர்த்தியிருக்கும் டாக்ரான் (பாலியெஸ்டர்) துணி. வெயிலில் கிடந்தது நிறம் மங்காமலேகூட வலுவிழந்திருக்கும், குறிப்பாகத் தையல் நூல்.

இதிலுள்ள ரோட்டாக்ஸ் 377 இன்ஜின் முழு த்ராட்டிலில் நன்றாகவே ஓடும். பாதி த்ராட்டிலில் இறங்கும்போதுதான் ஆபத்து: புரொப்பெல்லருக்குச் சுமை குறையும், எரிபொருள்-காற்றுக் கலவை மெலியும், புகைபோக்கி வெப்பம் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாட்டினால் நடு த்ராட்டிலில் கலவை செறிவாகும்.

இன்ஜின் நின்றால் அந்த நொடியே மூக்கைத் தாழ்த்துங்கள். எடை குறைவு, காற்றுத்தடை அதிகம். யோசிப்பதற்குள் வேகம் போய்விடும்.

வழக்கமான ஸ்டிக், பெடல் முறைதான் வேண்டுமென்றால் அய்லரான் உள்ள எம்எக்ஸ் ஸ்பிரிண்ட்டைத் தேடுங்கள்.