எட்டாம் மாதம் முடிகிறது, முதல் குழந்தை: என்ன தயார் செய்வது?

பென்னாகரம் பக்கம் இருப்பதாகவும், வளைகாப்பு முடிந்து மனைவி அம்மா வீட்டில் இருப்பதாகவும் சொல்லி, பிரசவத்துக்கு என்ன தயார் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் துணிமணியை விட முக்கியம் வழியும் வண்டியும்தான். சிக்கல் என்றால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது சுமார் 30 கிலோமீட்டர். 108 இலவசம், இருந்தாலும் இரவில் கூப்பிட்டால் வரக்கூடிய கார்க்காரர் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். அம்மா வீட்டுப் பகுதி கிராம செவிலியரிடமும் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

முதல் பிரசவத்தில் வலி பெரும்பாலும் மெதுவாகத்தான் கூடும், பதற வேண்டாம். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ வலிக்காகக் காத்திருக்காதீர்கள், உடனே கிளம்புங்கள்.

பையில் தாய் சேய் நல அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட், ஆதார், பருத்தித் துணிகள் போதும். கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த பிக்மி எண்ணைத் தனியாகவும் எழுதி வையுங்கள், பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள்.

அப்புறம், பிறந்த குழந்தையின் நாவில் இனிப்புத் தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள். தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம்; முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். இதை மருமகளை விட மகன் சொன்னால் வீட்டில் எளிதாக எடுபடும்.