மாலை வகுப்பால் பலன் உண்டா? பல்கலைக்கழகத்திடம் கேட்பது எப்படி

கேள்வி: கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் எட்டு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். 3 முதல் 5-ம் வகுப்பு வரை சுமார் 240 பிள்ளைகள். நான்கு வருடமாக ஓடுகிறது. பணம் தரும் கம்பெனியின் சி.எஸ்.ஆர். (சமூகப் பொறுப்பு நிதி) அதிகாரி, "ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்திடம் இம்பாக்ட் ரிப்போர்ட் வாங்கிக் கொடுங்கள், மார்ச்சுக்குள் வேண்டும்" என்கிறார். யாரிடம் போவது, என்ன கேட்பது, செலவு எப்படி இருக்கும்? முடிவு பாதகமாக வந்தால் பணம் நின்றுவிடுமா?

பதில்: நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வு மையத்தில் பதினாறு வருடம் மதிப்பீட்டு வேலை பார்த்தவன். ஜனவரி பிறந்தால் போதும், கையில் ஒரு போட்டோ ஆல்பமும் வருகைப் பதிவேடுமாக உங்களைப் போன்ற நாலைந்து பேர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருவார்கள். எல்லாரும் நல்ல வேலை செய்கிறவர்கள்தான். எல்லாரும் கேட்பது ஒன்றே: "எங்கள் திட்டத்தால் பலன் உண்டு என்று எழுதிக் கொடுங்கள் சார்." காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்படி எழுத முடியாது என்று சொல்வதுதான் என் வேலையாக இருந்தது.

ஏன் முடியாது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிது.

இல்லம் தேடிக் கல்வி உங்களுக்குத் தெரிந்ததுதான். கொரோனா காலத்து இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாலை வகுப்புத் திட்டம். உங்கள் மையமும் கிட்டத்தட்ட அதே அச்சுதான். அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளீதரன் ஆகிய மூன்று பொருளாதார ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். 2021 டிசம்பரில் சோதித்தபோது, கொரோனாவுக்கு முன்பு அதே கிராமங்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளைவிட இவர்கள் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் அடி பலமாகவும் தமிழில் கொஞ்சம் குறைவாகவும் விழுந்திருந்தது. பள்ளி திறந்து ஆறே மாதத்தில் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது.

இந்த இடத்தில் ஒரு சாதாரண அறிக்கை என்ன எழுதியிருக்கும்? "மாலை வகுப்பால் மூன்றில் இரண்டு பங்கு மீட்பு" என்று எழுதியிருக்கும். அவர்கள் கண்டது, அந்த மீட்பில் ஏறக்குறைய 24 சதவீதம்தான் மாலை வகுப்பின் பங்கு என்பது. மீதியெல்லாம் பள்ளி திறந்ததாலும் மற்ற காரணங்களாலும் வந்தது. 24 சதவீதம் சின்ன எண் இல்லை. அவ்வளவு குறைந்த செலவில் நடந்த திட்டத்துக்கு அது பெரிய விஷயம். ஆனால் 100 என்று சொல்லிக்கொண்டிருந்தால் விவரம் தெரிந்த எவரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இந்த முடிவைச் சொல்ல அவர்களுக்கு இரண்டு விஷயம் வேண்டியிருந்தது. ஒன்று, 2019-லேயே அந்தக் கிராமங்களில் எடுத்து வைத்திருந்த சோதனை முடிவுகள். இன்னொன்று, மாலை வகுப்புக்குப் போகாத பிள்ளைகளின் விவரம். உங்களிடம் இரண்டும் இல்லை. மார்ச்சுக்குள் எந்தப் பல்கலைக்கழகம் வந்தாலும் போன நான்கு வருடத்துக்குத் திரும்பிப் போய் அளந்துவிட்டு வர முடியாது. அப்படி எழுதித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அங்கே பணம் கட்டாதீர்கள்.

உங்கள் பிள்ளைகள் எந்த மையமும் இல்லாமலேயே ஒரு வருடத்தில் கொஞ்சம் படித்துவிடுவார்கள், வயது ஏறுகிறது அல்லவா. அதோடு இன்னொரு தந்திரமான விஷயம் உண்டு. நீங்கள் மார்க் குறைந்த பிள்ளைகளாகப் பார்த்துச் சேர்த்திருப்பீர்கள். சேர்த்த அன்று ஒரு பையனுக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும், இன்னொருத்தி வாய் திறக்கப் பயந்திருப்பாள். அடுத்த முறை சோதித்தால், நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்தக் குழுவின் சராசரி ஏறித்தான் இருக்கும். புள்ளியியல் தெரிந்தவர்கள் முதலில் கைவைக்கிற இடம் இதுதான். தொண்டு நிறுவன அறிக்கைகளில் பாதிக்கு மேல் இங்கேயே கவிழ்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

சரி, மார்ச்சுக்குள் என்னதான் முடியும்? திட்டம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்க்க முடியும். எத்தனை நாள் வகுப்பு நடந்தது, எத்தனை பிள்ளைகள் தொடர்ந்து வந்தார்கள், யார் நின்றுபோனார்கள், ஏன் நின்றார்கள். இதை நடைமுறை மதிப்பீடு என்பார்கள். உங்கள் அதிகாரிக்கு இது சப்பென்று தோன்றலாம், ஆனால் மானத்தோடு கொடுக்கக்கூடியது இதுதான். இதற்கு மூலப்பொருள் உங்கள் வருகைப் பதிவேடு. அதை முதலில் நீங்களே ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரு டிரஸ்டின் பதிவேட்டில் செப்டம்பர் மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு நாள்கூட விடுபடாத டிக். விநாயகர் சதுர்த்தி அன்றும் 28 பிள்ளைகள் வந்திருந்தார்கள்! மாதக் கடைசியில் ஒரே மூச்சில் போட்டது. தன்னார்வலரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை, பதிவேட்டில் ஆள் குறைந்தால் மையத்தை மூடிவிடுவார்கள் என்று அந்தப் பெண்ணுக்குப் பயம். அந்தப் பயம் இருக்கிறவரை எந்த ஆய்வு மையத்தாலும் உங்களுக்கு உதவ முடியாது.

அடுத்து, வரும் ஜூனுக்கான ஏற்பாடு. நீங்கள் பல்கலைக்கழகத்தின் கதவைத் தட்ட வேண்டியது உண்மையில் இதற்குத்தான்.

முதல் வேலை, பள்ளி திறந்த உடனே வகுப்பு தொடங்குமுன் பிள்ளைகளைச் சோதித்துவிடுவது. பேஸ்லைன் என்று சொல்வது இதைத்தான். கேள்வித்தாள் புதிதாகத் தயாரிக்க வேண்டாம். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பின் சோதனைத் தாள் தமிழிலேயே கிடைக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவிலான பத்தி, இரண்டாம் வகுப்பு அளவிலான கதை என்று நான்கு படி. கணக்கில் எண்களை அடையாளம் காண்பது, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒவ்வொருவராக வாய்மொழியாகப் பார்க்க வேண்டும். அதிக நேரம் பிடிக்காது.

ஆனால் சோதிப்பது உங்கள் தன்னார்வலர்களாக இருக்கக் கூடாது. ஒரு கிராமத்தில் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கதையை மளமளவென்று வாசித்தாள், எங்கள் மாணவி 'கதை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு சந்தேகம், ஏனென்றால் அந்தக் குழந்தையின் கண் தாளில் இல்லை, வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியின் மேல் இருந்தது. அதே அளவிலான வேறொரு தாளைக் கொடுத்தோம். இரண்டாவது சொல்லில் நின்றுவிட்டாள். பிறகுதான் தெரிந்தது, அந்த மையத்தில் அதே தாளை வைத்து மூன்று மாதம் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் கிடையாது, பாடம் நடத்த நல்ல தாள் என்று நினைத்திருக்கிறார்கள். சோதனைத் தாள் வேறு ஆளிடம், வேறு பையில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பல்கலைக்கழகம் தரக்கூடிய மிகப் பெரிய உதவியும் கணினி மென்பொருள் அல்ல, இந்த வெளி ஆள்தான்.

இரண்டாவது வேலை, ஒப்பீடு. இங்கே கொஞ்சம் கடினமான செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். அது ஒரே பானைக்கு. உங்களிடம் இருப்பது எட்டுப் பானை. ஒவ்வொன்றிலும் முப்பது சோறு எடுத்தால் 240 சோறு ஆகும்தான், ஆனால் பானை எட்டுதான். ஒரு கிராமத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே தன்னார்வலர், ஒரே பள்ளி, ஒரே டாஸ்மாக். அதனால் "240 பிள்ளைகளில் நிரூபித்தோம்" என்று எட்டு கிராமத்தை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. நல்ல ஆய்வாளர் இதை முதல் சந்திப்பிலேயே சொல்வார். சொல்லாதவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

அதே தமிழ்நாட்டில் அங்கன்வாடிகளில் நடந்த ஆய்வைப் பாருங்கள். மையத்துக்கு அரை நாள் வேலைக்கு ஒரு ஆளைக் கூடுதலாகப் போட்டால் என்ன ஆகும் என்பது கேள்வி. 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு மட்டும் ஆள் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரு மடங்கானது, 18 மாதத்தில் பிள்ளைகளின் கணக்கும் மொழியும் கூடின, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. பாடம் சொல்ல வந்த ஆளால் எப்படி ஊட்டச்சத்து மேம்பட்டது? பழைய பணியாளருக்கு வகுப்பிலிருந்து கை விடுபட்டது, அந்த நேரத்தை அவர் சத்துணவு, உடல்நல வேலைகளில் செலவிட்டார். பலன் உண்டா என்பதோடு நிற்காமல், எந்த வழியாக வந்தது என்று காட்டியதால்தான் எனக்கு அந்த ஆய்வு பிடிக்கும்.

உங்களுக்கு 320 மையம் கிடையாது. இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது. அடுத்த இரண்டு வருடத்தில் புதிய கிராமங்களுக்கு விரிவாக்கும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டியலை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் குலுக்கிப் போடுங்கள். முதலில் வந்த பாதிக்கு இந்த வருடம், மீதிக்கு அடுத்த வருடம். எப்படியும் எல்லா ஊரிலும் ஒரே நாளில் தொடங்கப் பணம் இருக்காது. காத்திருக்கும் ஊர்தான் உங்கள் ஒப்பீட்டுக் குழு. யாருக்கும் எதையும் மறுக்கவில்லை, "தலைவருக்கு வேண்டிய ஊருக்கு முதலில் கொடுத்தார்கள்" என்ற பேச்சும் வராது. ஊர் எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை இது முழு நிரூபணம் ஆகாது. ஆனாலும் முன்பு-பின்பு என்று மட்டும் பார்ப்பதைவிட எவ்வளவோ மேல்.

யாரிடம் போவது? வறுமை ஒழிப்புத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் ஆராயும் ஜே-பால் தெற்காசிய மையம் போன்ற இடங்கள் பெரிய, அரசு அளவிலான திட்டங்களுக்கானவை. எட்டு கிராமத்தோடு அங்கே போவது, சைக்கிள் பஞ்சருக்கு ரயில் பட்டறைக்குப் போவது போல. உங்களுக்குப் பொருத்தம் சமூகப் பணித் துறைகள். சென்னை சமூகப் பணிக் கல்லூரி, திண்டுக்கல் பக்கம் காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் எல்லாம் பழைய கைகள். அவற்றைவிட முக்கியம் தூரம். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலம் பெரியார் பல்கலைக்கழகமும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் போய் வரக்கூடிய தொலைவில் இருக்கின்றன. அங்கே பொருளாதாரமோ சமூகவியலோ புள்ளியியலோ நடத்தும் ஒரு ஆர்வமுள்ள ஆசிரியர் கிடைத்தால் போதும். பெயர்ப்பலகையைவிட ஆள் முக்கியம். மாணவர்களுக்கும் களப்பயிற்சியும் ஆய்வேடும் முடித்தாக வேண்டும் என்பதால் இது இரு தரப்புக்கும் லாபம். ஒன்று மட்டும்: அவர்கள் செமஸ்டர் காலண்டரில் வாழ்பவர்கள். தேர்வு நேரத்தில் போனால் ஆள் கிடைக்காது. ஜூன் வேலைக்கு ஜனவரியிலேயே பேசுங்கள்.

செலவைப் பொறுத்தவரை, பேராசிரியரின் நேரத்தைவிடக் களப் பணியாளர்களின் தினக்கூலி, பஸ், சாப்பாடு, தரவுப் பதிவு ஆகியவற்றில்தான் பணம் கரையும். சில பல்கலைக்கழகங்கள் மொத்தத்தில் ஒரு பங்கை நிர்வாகக் கட்டணமாக எடுத்துக்கொள்ளும், முதலிலேயே கேளுங்கள். பணம் கேட்டு எழுதும் அடுத்த வருட முன்மொழிவில் மதிப்பீட்டுக்கென்று தனித் தொகை ஒதுக்கிவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்கட்டும். தரவு யாருடையது, அதன் பிரதி உங்களுக்கு வருமா. ஆங்கிலக் கட்டுரை எப்போது வந்தாலும், தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் உங்கள் தன்னார்வலர்களுக்கு எந்தத் தேதிக்குள் வரும். பிள்ளைகளின் பெயர்களை யார் வைத்திருப்பார்கள். முடிவு எதுவானாலும் வெளியிடுவார்களா. பெற்றோர் ஒப்புதலை விட்டுவிடாதீர்கள். 2023-ம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவும் அதைக் கேட்கும். படிவத்தைக் கையில் திணிக்காமல் அம்மாக்களிடம் வாசித்துக் காட்டுங்கள்.

உங்கள் அதிகாரியிடமும் மெதுவாக ஒரு விஷயம் பேசலாம். 2021-ல் திருத்தப்பட்ட சி.எஸ்.ஆர். விதிப்படி, வெளி நிறுவனத்தின் தாக்க மதிப்பீடு கட்டாயம் என்பது, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆர். கடமை உள்ள கம்பெனிகளுக்குத்தான். அதுவும் 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்கு, அவை முடிந்து ஒரு வருடமாவது ஆன பிறகு. எட்டு கிராம மையம் அந்தக் கணக்கில் வருமா என்பது சந்தேகமே. அவர் கேட்பது சட்டத் தேவையா, மேலிடத்துக்குக் காட்டவா என்று தெரிந்துகொண்டால் "மார்ச்சில் நடைமுறை அறிக்கை, ஜூனில் பேஸ்லைன், அடுத்த ஏப்ரலில் மறுசோதனை" என்ற அட்டவணையை அவர் முன் வைக்கலாம். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், அவர்களுக்கும் மேலே காட்ட ஒரு தேதி வேண்டும்.

கடைசியாக உங்கள் பயம். நாங்கள் மதிப்பிட்ட ஒரு மாலை மையத்தில் தமிழ் வாசிப்பு நன்றாக ஏறியிருந்தது, கணக்கு அசையவே இல்லை. நடத்திய அம்மா அறிக்கையைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் எங்கள் போனை எடுக்கவில்லை. பிறகு தன்னார்வலர்களைக் கூட்டி விசாரித்ததில், கணக்கு வெள்ளிக்கிழமைப் பாடம் என்றும் வெள்ளிக்கிழமை பெரும்பாலான பிள்ளைகள் கோயிலுக்குப் போய்விடுகிறார்கள் என்றும் தெரிந்தது. செவ்வாய்க்கு மாற்றினார்கள். பணம் தந்தவரிடம் அறிக்கையையும் இந்த மாற்றத்தையும் சேர்த்தே கொடுத்தார்கள், அவர் அடுத்த வருடத்துக்கும் தந்தார். நீங்கள் இந்த வாரமே செய்யக்கூடியது, பதிவேட்டில் கிழமைக்கென்று ஒரு கட்டம் சேர்ப்பது. வராத பிள்ளைக்குப் பக்கத்தில் காரணத்தை ஒரு சொல்லில் எழுதச் சொல்லுங்கள். முதல் சந்திப்புக்குப் போகும்போது ஆல்பத்தை வீட்டில் வைத்துவிட்டு அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.