ஸ்டாப் லாஸை நகர்த்தும் கை: டிரேடிங்கில் பொறுமை, கட்டுப்பாடு பற்றிய கேள்வி பதில்

எந்தப் பங்கை வாங்கலாம், எப்போது விற்கலாம் என்று கேட்காதீர்கள், டிரேடிங் செய்யும்போது மனம் படுத்தும் பாட்டைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். 14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். சார்ட் படிக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு வருடம் போதுமானதாக இருந்தது. சும்மா உட்காரக் கற்றுக்கொள்ள அதைவிட நெடுங்காலம் பிடித்தது. வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஸ்டாப் லாஸ் (விலை இவ்வளவு இறங்கினால் தானாக விற்றுவிடும்படி முன்பே போடும் ஆர்டர்) இல்லாமல் நான் டிரேட் எடுப்பதே இல்லை. ஆனால் விலை அதன் பக்கத்தில் வந்ததும் அதைக் கீழே இறக்கிவிடுகிறேன். "இதோ திரும்பிவிடும்" என்றே தோன்றுகிறது. ஏன் இப்படி?

தம்பி, என் முதல் மூலதனத்தில் பாதிக்கு மேல் இந்தப் பழக்கத்தில்தான் போனது. ஒரே பங்கில், ஒரே வாரத்தில், நான்கு முறை ஸ்டாப் லாஸை இறக்கினேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் எளிய கேள்வி வருகிறது. உறுதியாக 3000 கிடைக்கும், அல்லது 4000 கிடைக்க 80 சதவீத வாய்ப்பு. எது வேண்டும்? 80 சதவீதம் பேர் உறுதியான 3000 போதும் என்றார்கள். அப்புறம் அதே எண்களை இழப்பாக மாற்றிக் கேட்டார்கள். உறுதியாக 3000 போகும், அல்லது 4000 போக 80 சதவீத வாய்ப்பு, எதுவும் போகாமல் தப்ப 20 சதவீத வாய்ப்பு. இப்போது 92 சதவீதம் பேர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன் சராசரி இழப்பு 3200. கணக்குப்படி அதுதான் மோசமான தேர்வு. ஆனாலும் "தப்பித்துவிடலாம்" என்ற அந்தச் சின்ன இடைவெளி மனதை இழுக்கிறது.

உங்கள் ஸ்டாப் லாஸ்தான் அந்த உறுதியான 3000. விலை அதைத் தொடும்வரை நஷ்டம் ஸ்கிரீனில் இருக்கும் ஓர் எண். தொட்டுவிட்டால் அது உங்கள் நஷ்டம். அந்த நொடியைத் தள்ளிப்போடத்தான் கை போகிறது. இது கிட்டத்தட்ட எல்லோருக்கும் இருக்கும் இயல்பு, உங்கள் தனிப்பட்ட பலவீனம் என்று நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். மன உறுதியால் இதை வெல்லலாம் என்றும் நம்பாதீர்கள். என்னால் முடியவில்லை.

என்னைக் காப்பாற்றியது வேறு. என்ட்ரி ஆர்டர் (வாங்கும் ஆர்டர்) போகும்போதே ஸ்டாப் லாஸ் ஆர்டரும் போய்விட வேண்டும், மனதில் மட்டும் வைத்துக்கொள்ளும் ஸ்டாப் லாஸ் கணக்கில் சேராது. அதை லாபத்தின் பக்கம் மட்டுமே நகர்த்தலாம். இந்த இரண்டையும் செய்த பிறகும் கை பரபரத்தால், நீங்கள் வாங்கிய அளவு உங்களுக்கு அதிகம். பாதியாகக் குறையுங்கள். அப்போதும் பரபரத்தால் இன்னும் பாதி. நஷ்டம் வந்தாலும் நிம்மதியாகத் தூங்க முடிகிற அளவு எதுவோ, இப்போதைக்கு அதுதான் உங்கள் சரியான அளவு. (முந்தைய நாள் விலையிலிருந்து இடைவெளி விட்டு, நேராகக் கீழான விலையில் சந்தை திறந்தால் ஸ்டாப் லாஸ் விலைக்கும் கீழே விற்பனையாகலாம். சிறிய அளவில் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.)

கேள்வி: லாபத்தில் இருக்கும் பங்கை 4, 5 சதவீதத்திலேயே விற்றுவிடுகிறேன். நஷ்டத்தில் இருப்பது மாதக்கணக்கில் கிடக்கிறது. என் போர்ட்ஃபோலியோவில் இப்போது இருப்பவை எல்லாமே சிவப்பு. என்ன செய்யலாம்?

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. டெரன்ஸ் ஓடீன் என்ற பேராசிரியர் 1987 முதல் 1993 வரையிலான 10,000 முதலீட்டுக் கணக்குகளை ஆராய்ந்து 1998-இல் வெளியிட்டார். விற்க வாய்ப்பிருந்த லாபங்களையும் நஷ்டங்களையும் ஒப்பிட்டால், லாபத்தை விற்கும் விகிதம் சுமார் ஒன்றரை மடங்கு அதிகமாக இருந்தது. மக்கள் விற்ற லாபப் பங்குகள், விடாமல் பிடித்துக்கொண்டிருந்த நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதப் புள்ளி கூடுதலாக வருமானம் தந்தன. அதாவது நல்ல செடியைப் பிடுங்கிவிட்டுக் களைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு சிவப்புப் பங்கிடமும் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இது என் கையில் இல்லை என்று வைத்துக்கொண்டால், இன்றைய விலைக்கு இதை வாங்குவேனா? "மாட்டேன்" என்று மனம் உடனே சொன்னால், பதில் கிடைத்துவிட்டது. நீங்கள் வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது. அந்த விலைக்குத் திரும்பி வர வேண்டிய கடமையும் அதற்கு இல்லை.

கேள்வி: பொறுமையாக இரு என்கிறீர்கள். நஷ்டத்தை உடனே வெட்டு என்றும் சொல்கிறீர்கள். இரண்டும் முரண் இல்லையா மேடம்?

மிக நல்ல கேள்வி, ஐயா. நானும் பல வருடம் இதில் குழம்பியிருக்கிறேன்.

வாங்குவதற்கு முன்பே "இந்த விலை வரை இறங்கலாம், இத்தனை நாள் காத்திருப்பேன், இது நடந்தால் வெளியேறுவேன்" என்று எழுதி வைத்திருந்தால், அந்த எல்லைக்குள் காத்திருப்பது பொறுமை. அது தினமும் வலித்தாலும் பொறுமைதான். எல்லை தாண்டிய பிறகு புதிதாக ஒரு காரணம் கண்டுபிடித்துக் காத்திருப்பது பிடிவாதம். உள்ளே இருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், அதுதான் ஆபத்து. இன்ட்ராடேவுக்கு, அதாவது அன்றைக்கே விற்றுவிட, வாங்கிய பங்கு நஷ்டமானதும் "சரி, நீண்டகால முதலீடாக வைத்துக்கொள்கிறேன்" என்று சொன்னதுண்டா? அந்த இடத்தில்தான் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. எழுதிய தாள் இல்லாவிட்டால் இதைப் பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

கேள்வி: தொடர்ந்து 6 டிரேட் நஷ்டம். என் முறை வேலை செய்யவில்லை என்று அர்த்தமா? மாற்றிவிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். ஒரு நாணயத்தை 100 முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து 6 முறை பூ விழ பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு இருக்கிறது. பாதிக்குப் பாதி ஜெயிக்கும் முறையில்கூட 100 டிரேடுக்குள் 6 தொடர் நஷ்டம் வருவது சாதாரணம். 10-இல் 4 மட்டும் ஜெயிக்கும் முறையும் நல்ல முறையாக இருக்கலாம். ஜெயித்தால் 2, தோற்றால் 1 என்று இருந்தால், 100 டிரேடில் 80 வரவு, 60 செலவு, மீதி 20. ஆனால் அந்த 20-ஐப் பார்க்க நீங்கள் 60 முறை தோற்றாக வேண்டும். சராசரி கணக்கு பார்க்காமல் 6-வது நஷ்டத்தில் முறையை மாற்றுபவர், அடுத்த முறையிலும் அதே இடத்தில்தான் மாற்றுவார்.

இதைத் தாங்க முடிவதும் முடியாததும் ஒரு டிரேடில் எவ்வளவு பணயம் வைக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. ஒவ்வொரு டிரேடிலும் மூலதனத்தில் 1 சதவீதம் மட்டும் இழக்கத் தயாராக இருந்தால், 10 தொடர் நஷ்டத்துக்குப் பிறகும் 90 சதவீதம் மிச்சம். 10 சதவீதம் வைத்தால் அதே 10 நஷ்டத்தில் மிஞ்சுவது 35 சதவீதம்தான். பழைய இடத்துக்கு வர, மிஞ்சிய பணம் கிட்டத்தட்ட மூன்று மடங்காக வேண்டும். அந்த நிலையில் யாருக்கும் கட்டுப்பாடு இருக்காது. 30 டிரேடாவது விதிப்படி செய்துவிட்டு, அப்புறம் உட்கார்ந்து ஆராயுங்கள்.

கேள்வி: ஒரு நஷ்டம் வந்ததும் அடுத்த 5 நிமிடத்தில் இரட்டை அளவில் வாங்குகிறேன். விட்டதை அன்றைக்கே பிடித்தாக வேண்டும் என்ற வெறி. எப்படி நிறுத்துவது?

அந்த நேரத்தில் நிறுத்த முடியாது. காலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். ரிச்சர்ட் தேலரும் எரிக் ஜான்சனும் 1990-இல் காட்டிய விஷயம் இது: நஷ்டப்பட்ட பிறகு, மொத்தத்தையும் சரிக்கட்டும் வாய்ப்பு தெரிந்தால், வழக்கமாகத் துணியாதவரும் துணிந்துவிடுகிறார். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இழப்பேன் என்று ஓர் எல்லை. அதைத் தொட்டால் அன்றைக்குக் கடை மூடியாகிவிட்டது. தினசரி நஷ்ட எல்லை வைக்கும் வசதி உங்கள் புரோக்கர் ஆப்பில் இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஸ்கிரீனை மூடிவிட்டு வீட்டை விட்டு வெளியே போங்கள். நான் அப்படித்தான் செய்தேன். முதல் சில மாதம் ஒவ்வொரு அடியும் கனமாக இருந்தது.

கேள்வி: ஸ்விங் டிரேடிங் (சில நாள், சில வாரம் வைத்திருந்து விற்பது) செய்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை முறை விலை பார்க்கலாம்?

ஒரு முறை, சந்தை முடிந்த பிறகு. ஆர்டர்கள் எல்லாம் போட்டாயிற்று என்றால் நடுவில் பார்த்து ஆகப்போவது எதுவும் இல்லை. அடிக்கடி பார்ப்பவர் கண்ணில் சிவப்பும் அடிக்கடி படும்.

கேள்வி: நான் பார்த்து வைத்திருந்த பங்கு, வாங்காமலே 30 சதவீதம் ஏறிவிட்டது. இப்போதாவது ஏறிக்கொள்ளட்டுமா?

உங்கள் விதிப்படி புதிய என்ட்ரி, அதாவது வாங்குவதற்கான காரணம், வந்திருந்தால் வாங்கலாம். விட்டுவிட்டோமே என்ற வயிற்றெரிச்சல் என்ட்ரி ஆகாது. 1720-இல் இங்கிலாந்தின் சவுத் சீ கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் பங்குகளை ஐசக் நியூட்டன் நல்ல லாபத்தில் விற்று வெளியேறினார். அதற்குப் பிறகும் விலை ஏறிக்கொண்டே போனதைப் பார்த்து, உயர்ந்த விலையில் மறுபடியும் உள்ளே போனார், பெரும் தொகையை இழந்தார். அவருக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. மற்றவர்கள் சம்பாதிப்பதைப் பார்த்துக்கொண்டு வெளியே நிற்பது அவ்வளவு கடினம்.

கேள்வி: டிரேட் எதுவும் அமையாத நாளில் வேலை செய்யாதது போலக் குற்ற உணர்வு வருகிறது. அதனால் ஏதாவது ஒன்றை எடுத்துவிடுகிறேன்.

மற்ற தொழிலில் உழைத்தால் கூலி. இங்கே காத்திருப்பதுதான் உழைப்பின் பெரும்பகுதி. பிராட் பார்பரும் ஓடீனும் 66,465 குடும்பங்களின் 1991 முதல் 1996 வரையிலான கணக்குகளைப் பார்த்தார்கள். மிக அதிகமாக வாங்கி விற்றவர்களுக்கு ஆண்டுக்கு 11.4 சதவீதம் கிடைத்தது. சந்தை அதே காலத்தில் 17.9 சதவீதம் கொடுத்தது. அதிக டிரேடுக்கு ஆன செலவே வித்தியாசத்தில் பெரும்பங்கைத் தின்றுவிட்டது. எடுக்காமல் விட்ட டிரேடுகளையும் குறித்து வையுங்கள். மாதக் கடைசியில் அந்தப் பட்டியலைப் படித்தால் குற்ற உணர்வு தானாகக் கரையும்.

கேள்வி: என் கணவர் டிரேடிங்குக்காகக் கடன் வாங்கியிருக்கிறார். இரவில் தூங்குவதில்லை. நஷ்டம் எவ்வளவு என்று கேட்டால் கோபப்படுகிறார். "ஒரு பெரிய லாபம் வந்ததும் நிறுத்திவிடுகிறேன்" என்கிறார். கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொல்லலாமா?

சகோதரி, இங்கே பொறுமை உதவாது. கடன் வாங்குவது, தொகையை மறைப்பது, தூக்கம் கெடுவது, கடைசியாக ஒரு முறை என்பது, இவை எல்லாம் சேர்ந்து வந்தால் அது டிரேடிங் என்ற எல்லையைத் தாண்டி சூதாட்டப் பழக்கத்தின் பக்கம் போய்விட்டது. அந்தப் பெரிய லாபம் வந்தாலும் நிற்காது. இன்னும் பெரிய தொகையோடு தொடரும்.

அவரைக் குற்றவாளிபோல நிற்க வைக்காதீர்கள். அவமானத்தால்தான் மறைக்கிறார். ஆனால் மூன்று விஷயத்தில் உறுதியாக இருங்கள். கடன்கள் மொத்தத்தையும் ஒரு தாளில் அவரோடு உட்கார்ந்து எழுதுங்கள். வீட்டுச் செலவுப் பணமும் உங்கள் சேமிப்பும் அவர் கைக்கு எட்டாத தனிக் கணக்குக்குப் போகட்டும். எந்தக் கடனுக்கும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். டிரேடிங் கணக்கைக் கொஞ்ச காலத்துக்காவது முடக்கி வைத்துவிட்டு, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சூதாட்டப் பழக்கத்துக்குச் சிகிச்சை இருக்கிறது. வாழ்க்கையே வேண்டாம் என்பதுபோல அவர் எப்போதாவது பேசினால் அந்த நாளே மருத்துவரிடம் போங்கள், மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். பணத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: டைரி எழுதச் சொல்கிறார்கள். நானும் விலை, தேதி எல்லாம் எழுதுகிறேன். பயன் தெரியவில்லை.

விலையும் தேதியும் புரோக்கர் அறிக்கையிலேயே இருக்கின்றன. அங்கே இல்லாததை எழுதுங்கள். வாங்கும் முன் ஒரு வரி: ஏன் வாங்குகிறேன், எங்கே தவறு என்று ஒப்புக்கொள்வேன். விற்ற பின் ஒரு வரி: விதிப்படி செய்தேனா, இல்லையா. லாபமா நஷ்டமா என்பதை இந்த இரண்டாவது வரியில் கலக்காதீர்கள். விதியை மீறி வந்த லாபத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள், நான் இன்றும் அப்படித்தான் எழுதுகிறேன். விதிப்படி நடந்து வந்த நஷ்டம் நீல மையில் இருக்கட்டும். மூன்று மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்து, எந்த நேரத்தில், எதற்குப் பிறகு சிவப்பு மை வருகிறது என்று மறுபடியும் கேளுங்கள். அப்போது உங்களுக்கென்று தனியாகச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்கும்.