அக்காவும் தங்கையும் சேர்ந்து பார்க்க வேண்டிய ஃபேன்சி லாலா

அக்கா தங்கை உறவும் பாப் பாடகியரின் மேடை வாழ்வும் சேர்ந்து வரும் பழைய மந்திரச் சிறுமி அனிமே (மந்திர சக்தி பெறும் சிறுமியைப் பற்றிய ஜப்பானியக் கார்ட்டூன்) எது, வளர்ந்தவர்கள் அதைப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்பவர் பெரும்பாலும் யாரோ ஒருவருக்குத் தங்கையாகத்தான் இருப்பார் என்று தோன்றுகிறது. நானும் தங்கைதான், அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டுடியோ பியரோ தயாரித்து 1998 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'ஃபேன்சி லாலா' என்னும் 26 அத்தியாயத் தொடரையே நான் சொல்வேன். ஒன்பது வயது மீஹோவுக்கு ஒரு மர்ம மனிதரிடமிருந்து மந்திரப் பேனாவும் படம் வரையும் ஸ்கெட்ச் புத்தகமும், பிகு, மோகு என்னும் டைனோசர் போன்ற இரு குட்டி உயிர்களும் கிடைக்கின்றன. அதில் வரைந்தவை நிஜமாகின்றன. அவளும் பதினைந்து வயது லாலாவாக மாறி பாப் உலகிற்குள் நுழைகிறாள். மந்திரம் அவளுக்கு உருவத்தையும் உடையையும்தான் தருகிறது. வாய்ப்புக்கான தேர்வுக்குக் காத்திருப்பதும், விளம்பரத்தில் நடிப்பதும், திட்டு வாங்குவதும் அவளேதான் செய்தாக வேண்டும்.

இதே நிறுவனம் 1983இல் எடுத்த 'கிரீமி மாமி'யின் நகல்தான் இது என்று சிலர் எழுதுவதைக் கண்டிருக்கிறேன். இரண்டுக்கும் உருவங்களை வரைந்தவர் அகெமி தகடா என்பதும், சிறுமி ஒருத்தி பாடகியாவது இரண்டிலும் உண்டு என்பதும் உண்மைதான். 'கிரீமி மாமி'யை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதில் கதாநாயகிக்குக் குரல் கொடுத்த தகாகோ ஓதா அத்தொடரின் முகப்புப் பாடலைக் கொண்டே நிஜ உலகிலும் பாடகியாக அறிமுகமானார் என்பது எனக்கு இன்றும் வியப்பு. ஆனால் அந்தத் தொடரின் கதாநாயகி யூவுக்கு அக்கா இல்லை. மீஹோவுக்குச் சிசா என்ற அக்கா இருக்கிறாள். அந்த ஒன்றே வீட்டுக் காட்சிகளின் நிறத்தை மாற்றிவிடுகிறது.

எனக்கும் ஒன்பது வயதில் ஒரு லாலா ஆசை இருந்தது. கல்லூரி விழாவுக்காக அக்கா எடுத்து வைத்திருந்த புதுச் சுடிதாரை, அவள் குளிக்கப் போன நேரத்தில் அணிந்துகொண்டு மிதிவண்டியில் தெருவைச் சுற்றினேன். துப்பட்டாவின் முனை சங்கிலியில் சிக்கி, கறுப்பு எண்ணெய்க் கறையோடு ஒரு சாண் நீளத்திற்குக் கிழிந்தது. அக்கா அடிக்கவில்லை, நான்கு நாட்கள் என்னோடு பேசவில்லை. பெரியவளாக வேண்டும் என்று நான் பட்ட ஏக்கம் ஏன் யாருக்கும் புரியவில்லை என்ற மனத்தாங்கல்தான் பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது.

தலைப்பிரசவத்திற்கு அக்கா எங்கள் வீட்டிற்கு வந்திருந்தபோது, மதிய உணவுக்குப் பின் அவளோடு அமர்ந்து இத்தொடர் முழுவதையும் பார்த்தேன். குழந்தைகளுக்கான கார்ட்டூனை நிறைமாதக் கர்ப்பிணிக்குப் போட்டுக் காட்டுகிறாளே என்று சிலருக்குத் தோன்றலாம், தோன்றினால் தோன்றட்டும். நான் மீஹோவோடு ஒன்றிப்போய்க் கண் கலங்கிய இடங்களில் எல்லாம் அக்கா சிசாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள், "சின்னவளுக்கு யாரோ வந்து ஸ்கெட்ச் புக் குடுத்தாங்க. பெரியவளுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களாடி?" என்றாள். அதுவரை அந்தச் சுடிதார் அவளுக்கு என்னவாக இருந்தது என்று நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஒரு கல்லூரி விழாவிலாவது தோழிகளுக்குச் சமமாக நிற்க வேண்டும் என்று, மூன்று மாதம் டியூஷன் எடுத்த காசில் வாங்கியதாம்.

ஆகவே, வளர்ந்தவர்கள் தாராளமாகப் பார்க்கலாம். இறுதியில் மந்திரம் என்னவாகிறது என்பதை இங்கே சொல்லி உங்கள் சுவையைக் கெடுக்க மாட்டேன். முடிந்தால் உங்கள் அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். அவர் சிசாவைப் பற்றி ஏதாவது சொன்னால் நடுவில் குறுக்கிடாதீர்கள்.