கடைக்காரர் திறந்து தந்த இமெயில்: சாவியை எப்படித் திரும்ப எடுப்பது?

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிறார். சாதாரண தரம் எழுதிய காலத்தில் ஒரு கொமினிகேசனில் அவருக்கு ஜிமெயில் திறந்து தந்தார்கள். பாஸ்வேர்டும் போன் நம்பரும் கடைக்காரருடையவை. இப்போது பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு இமெயில் கேட்கிறார்கள். பழையதை எடுக்கலாமா, புதிதாகத் திறக்கவா? காசு கட்ட வேண்டுமா? வீட்டில் கொம்பியூட்டர் இல்லை, போன் மட்டும்தான். கட்டாரில் இருக்கும் மகனின் அப்பாவும் அந்த இமெயிலைப் பார்க்க வழி இருக்கிறதா?
களுவாஞ்சிகுடி வாசகி

பதில்: ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. இமெயில் திறந்து தர என்று கடையில் வாங்குவது தட்டித் தரும் கூலி, கூகுளுக்கு அதில் ஒன்றும் போவதில்லை. ஜிமெயில், அவுட்லுக், யாஹூ எல்லாவற்றிலும் இலவசக் கணக்கு உண்டு. செலவை அவர்கள் விளம்பரத்தில் எடுத்துக்கொள்கிறார்கள். ஜிமெயிலில் 'புரொமோஷன்ஸ்' பகுதியின் உச்சியில் கடிதம் மாதிரியே நிற்கும் வரிகள் விளம்பரங்கள்தான். விளம்பரத்துக்காகக் கடிதங்களின் உள்ளடக்கத்தை அலசுவதை நிறுத்துவதாக 2017இல் கூகுள் அறிவித்தது.

பழையதா புதியதா என்றால், முதலில் பழையதை மீட்கப் பாருங்கள். அந்த முகவரியை இதற்குள் எத்தனை படிவத்தில் எழுதிக் கொடுத்தீர்களோ, அத்தனைக்கும் பதில் அங்கேதான் வந்து விழும். ஆனால் ஒரு சிக்கல். இரண்டு வருடம் யாருமே தொடாத கணக்கைக் கூகுள் அழிக்கலாம். 2023 டிசம்பரில் இருந்து இதை நடைமுறைப்படுத்துகிறார்கள். சாதாரண தரத்துக்கும் உயர்தரத்துக்கும் இடையில் அந்தக் காலம் சுலபமாகக் கடந்துவிடும். மகன் தன் போனில் அதே கணக்கோடு யூடியூப் பார்த்திருந்தாலும் அது பாவனையாகக் கணக்கில் வரும், ஆகவே நம்பிக்கையை விடாதீர்கள்.

மீட்கும் முறை இது. உள்நுழையும் பக்கத்தில் முகவரியைத் தட்டி, 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா' என்பதை அழுத்துங்கள். ஞாபகத்தில் இருக்கிற கடைசிப் பாஸ்வேர்டைக் கேட்கலாம். பழையது என்றாலும் தெரிந்ததைக் கொடுங்கள், அதுவும் ஒரு சான்றாக எடுபடும். அடுத்து, பதிந்திருக்கும் போன் நம்பரின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டி, அதற்கு 6 இலக்கக் குறியீடு அனுப்பவா என்று கேட்கும். அந்த இரண்டு இலக்கம் கடைக்காரருடையதா என்று பாருங்கள். அவர் ஊரில் இருந்தால் நேரே போய், அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இந்த வேலையைச் செய்யுங்கள். குறியீடு சில நிமிடங்களில் செல்லாமல் போய்விடும் என்பதால் வட்ஸ்அப்பில் கேட்டு வாங்குவது பல தடவை பிழைக்கிறது.

எங்கிருந்து முயல்கிறீர்கள் என்பதும் முக்கியம். அந்தக் கணக்கு முன்பு திறந்திருந்த போன், அதே கடையின் கொம்பியூட்டர், அதே இணைப்பு: இவற்றில் இருந்து கேட்டால் கூகுள் லேசில் நம்பும். புதுப் போனில், புது சிம்மில், புது ஊரில் இருந்து கேட்டால் கை விரித்துவிடும். அடுத்தடுத்துப் பத்துத் தடவை முயன்றால் இன்னும் மோசம், சில மணிநேரமோ சில நாட்களோ பூட்டி வைத்துவிடும். காசு தந்தால் எடுத்துத் தருவோம் என்று முகநூலில் வருகிறவர்களிடம் போக வேண்டாம். இலவச ஜிமெயிலை மீட்டுத் தருகிறோம் என்று கூகுள் யாருக்கும் போன் எடுப்பதில்லை, யாரையும் முகவராக வைத்திருக்கவும் இல்லை.

கணக்கு கைக்கு வந்துவிட்டதென்றால், கடிதங்களைப் பார்க்க முதல் செய்ய வேண்டிய வேலைகள் இருக்கின்றன. பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கணக்கின் 'செக்யூரிட்டி' பக்கத்தில் கடைக்காரரின் நம்பரை அகற்றி, உங்கள் வீட்டு நம்பரைப் போடுங்கள். மாற்றிய பிறகும் 7 நாட்கள் வரை பழைய நம்பரை வைத்து மீட்பு கேட்க கூகுள் இடம் கொடுக்கக்கூடும், எனவே அந்த ஒரு கிழமை எச்சரிக்கைச் செய்தி ஏதும் வந்தால் அலட்சியம் வேண்டாம். அதே பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்ற பட்டியல் உண்டு. கடையின் கொம்பியூட்டர் அதில் இருந்தால் வெளியேற்றுங்கள்.

பெரும்பாலானோர் பார்க்காமல் விடும் இடம் ஒன்று இருக்கிறது: அமைப்புகளில் உள்ள 'ஃபோர்வேர்டிங்'. வருகிற கடிதம் எல்லாம் வேறொரு முகவரிக்கும் போகும்படி யாரோ அங்கே வைத்திருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். போன் அப்பில் இந்த அமைப்பு இல்லை. போனின் குரோமில் ஜிமெயில் பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி 'டெஸ்க்டொப் சைட்' என்று மாற்றினால் சின்ன எழுத்தில் என்றாலும் தெரியும்.

மீட்க முடியாவிட்டால் புதிதாகவே திறவுங்கள். போனிலேயே ஐந்து நிமிட வேலை, ஆனால் நான்கு இடத்தில் நிதானம் வேண்டும். பெயரை அடையாள அட்டையில் உள்ள எழுத்துக்கூட்டல்படியே போடுங்கள். பிறந்த திகதியை உண்மையாகக் கொடுங்கள், விளையாட்டாகப் போட்ட வருடம் பதின்மூன்று வயதுக்குக் கீழே காட்டினால் கணக்கு முடங்கலாம். முகவரி 6 முதல் 30 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்தும் மகனின் பெயரும் போதும், அது போய்விட்டிருந்தால் ஓர் எண்ணைச் சேருங்கள். பதினேழு வயதில் வைத்த 'கிங்', 'லவர்' எல்லாம் பிறகு வேலை விண்ணப்பத்தில் வெட்கப்பட வைக்கும். இடையில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான், பெரிய எழுத்துச் சின்ன எழுத்து வேறுபாடும் இல்லை. நான்காவது போன் நம்பர். 'இந்த நம்பரைப் பயன்படுத்த முடியாது' என்று கடைகளில் அடிக்கடி வரக் காரணம், ஒரே நம்பரில் அளவுக்கு மேல் கணக்குகள் திறந்திருப்பது. உங்கள் சொந்த நம்பரைப் போட்டால் அந்தத் தொல்லை வராது. அந்த சிம்முக்கு நெடுநாள் ரீலோட் போடாமல் விட்டால் நம்பர் இன்னொருவருக்குப் போய்விடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

பாஸ்வேர்டுக்குப் பிறந்த திகதியும் வேண்டாம், போன் நம்பரும் வேண்டாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தால் போதும்: தோணி, பலாக்கொட்டை, கடிகாரம், ஓலை என்கிற மாதிரி. (இதே நான்கையும் போட்டுவிடாதீர்கள்.) பாஸ்வேர்டுக்குப் பிறகு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டு கட்டப் பாதுகாப்பையும் போட்டு வையுங்கள். அப்போது தலா 8 இலக்கம் கொண்ட 10 மாற்றுக் குறியீடுகள் எடுக்கலாம், ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் செல்லும். போன் வாவியில் விழுந்தாலும் அவை காப்பாற்றும். கடதாசியில் எழுதிப் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற பையிலேயே வையுங்கள். மீட்பு இமெயில் என்று கேட்கும் இடத்தில் அப்பாவின் முகவரியைக் கொடுங்கள்.

இனி வசதிகள். ஜிமெயில் 2004 ஏப்ரல் 1இல் 1 ஜிபி இடத்தோடு வந்தபோது ஏப்ரல் பகிடி என்றே பலர் நினைத்தார்கள். இப்போது 15 ஜிபி. ஆனால் அது கடிதத்துக்கு மட்டுமான இடமல்ல, கூகுள் டிரைவும் போட்டோஸும் அதே பானையில்தான் அள்ளுகின்றன. அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் பக்அப்பும் அதற்குள்தான். கலியாண வீட்டு வீடியோக்களால் 15 ஜிபி நிரம்பினால் நடப்பது இதுதான்: பெட்டி திறக்கும், பழைய கடிதம் எல்லாம் இருக்கும், புதிய கடிதம் வராது, நீங்களும் அனுப்ப முடியாது. அனுப்பியவருக்குத் திரும்பிப் போய்விடும், உங்களுக்குத் தெரியவும் வராது. நேர்முகத்துக்கு அழைப்பு வரவில்லை என்று காத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஜிமெயில் அப்பில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தை அழுத்தினால் எத்தனை வீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சட்ஸ், சட் பக்அப் என்று போய் வீடியோவைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். பெரிய கடிதங்களை அழித்தால் குப்பைப் பெட்டியையும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் 30 நாட்கள் அங்கேயே இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு கடிதத்தோடு 25 எம்பி வரை இணைக்கலாம். அளவு கூடினால் ஜிமெயில் தானாக டிரைவ் இணைப்பாக மாற்றிவிடும். அப்போது பெறுகிறவர் திறக்க அனுமதி இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும், அனுமதி இல்லாமல் போன இணைப்பைத் திறக்க எந்த அலுவலரும் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். சான்றிதழைப் போட்டோவாக எடுத்து அனுப்புவதைவிட, டிரைவ் அப்பில் உள்ள 'ஸ்கேன்' பொத்தானால் எடுத்தால் ஓரம் வெட்டி, நிழல் குறைத்து, பல பக்கத்தையும் ஒரே பிடிஎஃப் ஆக்கித் தரும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கோப்புக்கு மகனின் பெயரையும் 'உயர்தரப் பெறுபேறு' என்பதையும் ஆங்கிலத்தில் வையுங்கள்.

நம் பக்கத்தில் மட்டும் வரும் ஒரு வில்லங்கத்தையும் சொல்ல வேண்டும். கடைகளில் தமிழை இன்னும் பாமினியில்தான் தட்டுகிறார்கள். பாமினி என்பது ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய எழுத்துரு. அதைக் கடிதத்துக்குள் ஒட்டினால் போர்வை கழன்று, 'அம்மா' என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று போய்ச் சேரும். வேர்ட் கோப்பாக இணைத்தாலும், பாமினி இல்லாத கொம்பியூட்டரில் அதே கதிதான். எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோட்டுக்கு மாற்றி ஒட்டச் சொல்லுங்கள், அல்லது பிடிஎஃப் ஆக எடுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்து போகும். போனில் தமிழ் விசைப்பலகையால் தட்டுவது எப்போதும் யுனிகோட்தான், அதில் பயமில்லை.

அனுப்பிய பிறகு பிழை கண்ணில் பட்டால் 'அன்டூ' என்று கீழே வரும். அது எத்தனை நேரம் நிற்கும் என்பதை வெப் பக்க அமைப்பில் 5, 10, 20, 30 விநாடி என்று தேர்ந்தெடுக்கலாம், 30ஐப் போட்டு வையுங்கள். படுவான்கரைப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில் இருந்து அனுப்பினால் கடிதம் 'அவுட்பொக்ஸ்'இல் நின்று, டேட்டா வந்ததும் தானாகப் போகும். அனுப்பியாயிற்று என்று நம்பப் 'சென்ட்' பெட்டியைப் பாருங்கள். முகவரி பிழையென்றால் சில நிமிடத்தில் போய்ச் சேரவில்லை என்ற கடிதம் ஆங்கிலத்தில் திரும்பி வரும். பலர் அதைத் திறக்காமலே அழித்துவிடுகிறார்கள். முக்கியமான பதிலை எதிர்பார்க்கும் நாட்களில் 'ஸ்பாம்' பெட்டியையும் பாருங்கள், அங்கே 30 நாட்களுக்கு மேல் எதுவும் இருக்காது.

கடையில் திறக்க வேண்டிய நேரம் வந்தால், குரோமில், மூடியதும் உள்நுழைவை மறந்துவிடும் 'இன்கொக்னிட்டோ' ஜன்னலில் திறந்து, முடிந்ததும் அந்த ஜன்னலை மூடச் சொல்லுங்கள். பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம். மகனே தன் கையால் தட்ட வேண்டும், கடைக்காரர் எத்தனை நல்லவராக இருந்தாலும்.

அவுட்லுக்கும் குறைந்ததல்ல, அதிலும் பெட்டிக்கு 15 ஜிபி. யாஹூவில் 12 மாதம் உள்நுழையாவிட்டாலே கணக்கு கையைவிட்டுப் போகலாம் என்பதால், எப்போதாவது பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்வதில்லை. அன்ட்ரொயிட் போன் மட்டுமே வைத்திருக்கும் வீட்டுக்கு ஜிமெயில் வசதி, போனுக்கு எப்படியும் ஒரு கூகுள் கணக்கு வேண்டும்.

அப்பாவின் விடயம். அதே கணக்கை அவருடைய போனிலும் போடலாம், ஆனால் ஒரு தொல்லை உண்டு. கட்டாரில் அவர் ஒரு கடிதத்தைத் திறந்ததும் இங்கே மகனின் பெட்டியில் அதன் தடித்த எழுத்து போய், வாசித்த கடிதமாகிவிடும். மகன் அதைக் கவனிக்காமல் கடந்துபோவார். அதைவிட, முன்பு சொன்ன ஃபோர்வேர்டிங்கில் அப்பாவின் முகவரியைச் சேருங்கள். அவருடைய பெட்டிக்கு உறுதிப்படுத்தும் குறியீடு ஒன்று போகும், போனில் கேட்டு இங்கே தட்ட வேண்டும். உள்நுழையும் குறியீட்டை யாருக்கும் சொல்லக் கூடாது என்பது விதி, இது அந்த வகையில் சேராது. பிறகு 'ஃபில்டர்' ஒன்று போட்டு, அனுப்புநர் என்ற கட்டத்தில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் முகவரியைக் கொடுத்து, அந்தக் கடிதங்கள் மட்டும் அப்பாவுக்கும் போகும்படி வையுங்கள். மகனின் பெட்டியில் அவை வாசிக்காத கடிதமாகவே நிற்கும்.